பெயர் பொறிக்காத தச்சர்: தாமஸ் சிப்பெண்டேல்

(பி.எஸ்சி. வேதியியல், இரண்டாமாண்டு மாணவன்)

கோயிலைக் கட்டுவித்த மன்னனின் பெயர் கல்வெட்டில் இருக்கும். கல்லைச் செதுக்கியவன் பெயரைத் தேடினாலும் கிடைப்பது அரிது என்று எங்கள் தமிழாசிரியர் வகுப்பில் அடிக்கடி கூறுவார். மர வேலையில் நிலைமை இன்னும் மோசம். கல்லாவது நிற்கிறது, மரம் உளுத்துக் கொட்டிவிடுகிறது. அப்படியிருக்க, 1779இல் மறைந்த ஓர் ஆங்கிலேயத் தச்சரின் பெயர் இன்றும் மரச்சாமான் கடைகளில் வழங்குகிறது. வியப்பு என்னவென்றால், தாம் செய்த பொருளில் முத்திரை குத்தும் வழக்கமோ, பெயர்ச் சீட்டு ஒட்டும் வழக்கமோ அவருக்கு இல்லை. உலகமெங்கும் பரவிய பெயர் அவர் செய்த பெட்டியின் அடியில் இல்லை. அப்படியானால் எது அவர் செய்தது, எது அவர் பெயரைச் சொல்லி விற்றது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தச்சுப் பட்டறையில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்தது. அதனால்தான் தாமஸ் சிப்பெண்டேலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் ஆட்லி என்று ஒரு சந்தை ஊர். அவ்வூர்த் தேவாலயத்தில் 1718 ஜூன் 5ஆம் நாள் அவருக்கு ஞானஸ்நானம் நடந்ததாகப் பதிவேடு கூறுகிறது. தந்தை ஜான் சிப்பெண்டேல் ஒரு தச்சர். தாமஸ் அவருடைய முதல் மனைவிக்குப் பிறந்த ஒரே பிள்ளை. உளி பிடிக்கும் குலத்தில் பிறந்த பிள்ளைக்கு உளி கைக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் எழுத்தும், கணக்கும், படம் வரையும் கலையும் அந்தக் கைக்கு வந்தனவே, அதுதான் அவர் வாழ்வையே மாற்றியது. அவருடைய உருவப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆட்லியில் இன்று நிற்கும் அவர் சிலையின் முகம் சிற்பியின் கற்பனையே.

முப்பது வயதுக்குள் அவர் லண்டன் சேர்ந்துவிட்டார். 1748 மே மாதம் கேத்தரின் ரெட்ஷா என்னும் பெண்ணை மணந்தார். அவர்களுக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்தன. நான்கைந்து ஆண்டுகள் சிறு சிறு இடங்களில் தொழில் நடத்திய பிறகு, 1754இல் செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் என்ற தெருவில் பெரிய பட்டறை அமைத்தார். ஜேம்ஸ் ரானி என்னும் ஸ்காட்லாந்து வணிகர் முதல் போட்டுக் கூட்டாளியானார். பணம் அவருடையது, கை இவருடையது.

அதே 1754இல்தான் சிப்பெண்டேல் எந்தத் தச்சரும் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். நாற்காலி, மேசை, அலமாரி, கட்டில் என்று தம் வடிவங்களையெல்லாம் வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்கி, 160 படங்கள் கொண்ட பெரிய புத்தகமாக அச்சிட்டார். சுருக்கமாக ‘டைரக்டர்’ என்பார்கள். பிரபுக்கள் சந்தா கட்டினார்கள்; கூடவே மர வேலைக்காரர்களும் நிறையப் பேர் சந்தா கட்டினார்கள். அடுத்த ஆண்டே இரண்டாம் பதிப்பு. 1762இல் 200 படங்களோடு மூன்றாம் பதிப்பு. அது பிரெஞ்சிலும் வந்தது. கடல் தாண்டி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துத் தச்சர்கள்கூட அதை விரித்து வைத்துக்கொண்டு நாற்காலி செய்தார்கள்.

தொழில் இரகசியத்தை மகனுக்கே முழுதும் சொல்லாமல் போய்விட்ட தச்சர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். இவரோ எல்லாவற்றையும் படம் போட்டு விற்றுவிட்டார். இதனால் அவருக்குப் புகழ் வந்தது. ஆனால் பின்னால் வந்தவர்களுக்குப் பெரிய தலைவலியும் வந்தது. அவர் படத்தைப் பார்த்து யார் செய்தாலும் அது ‘சிப்பெண்டேல் நாற்காலி’ ஆகிவிட்டது. நூறு ஆண்டு கழித்துச் செய்ததும் சிப்பெண்டேல், இருநூறு ஆண்டு கழித்துச் செய்ததும் சிப்பெண்டேல். உண்மையில் அவர் பட்டறையிலிருந்து வெளிவந்தவை இவற்றில் மிகச் சொற்பமே.

பட்டறை தொடங்கிய மறு ஆண்டே, 1755 ஏப்ரலில், அங்கே தீப்பிடித்தது. 22 தொழிலாளிகளின் பெட்டிகள் அதில் எரிந்து போயின என்று அந்நாளையச் செய்தித்தாள் எழுதியது. பெரிய மனிதர்களுக்கு அது ஒரு செய்தி. எங்கள் வீட்டில் யாரிடம் கேட்டாலும் அந்த வரியின் பொருளைச் சொல்வார்கள். தச்சனின் பெட்டியில் இருப்பவை உளியும் இழைப்புளியும் மட்டுமல்ல. பல ஆண்டுகளாகத் தீட்டித் தீட்டி அவன் கைக்கென்று பழகிய உளிகள் அவை. கடையில் வாங்கினால் ஈடாகாது. அந்த 22 பேரின் பெயர் அந்தச் செய்தியில் இல்லை.

இனி ‘வினீர்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் சிப்பெண்டேலின் மிகச் சிறந்த வேலைகளைப் புரிந்துகொள்ள முடியாது. விலை உயர்ந்த மரத்தை முழுப் பலகையாகப் பயன்படுத்தாமல், மெல்லிய தோலாக அறுத்து, ஓக் அல்லது பைன் போன்ற மலிவான மரத்தாலான உடலின் மேல் ஒட்டுவதே வினீர். சிக்கனத்துக்காக மட்டும் இதைச் செய்தார்கள் என்று எண்ணுவது தவறு. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரு தோல்களைப் புத்தகம்போல் விரித்து ஒட்டினால், ரேகைகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் இரு பக்கமும் ஒத்து விழும். முழுப் பலகையில் இந்த அழகு வராது. வெவ்வேறு நிற மரத்துண்டுகளைப் பூவும் இலையுமாக வெட்டிப் பதிப்பதும் இந்தத் தோலில்தான். இலைக்கு நிழல் காட்ட வேண்டுமானால், துண்டின் ஓரத்தைச் சூடான மணலில் செருகி இலேசாகக் கருக்குவார்கள். தூரிகை வேண்டாம், வண்ணம் வேண்டாம். நெருப்பே நிழல் தீட்டும்.

ஒட்டுவதற்கு அன்று பெரிதும் பயன்பட்டது வச்சிரமே. விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் வெந்நீரில் பிரிந்து ஜெலாட்டின் ஆகிறது. ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. மறுபடி வெதுவெதுப்பும் ஈரமும் பட்டால் இளகிவிடும். ஆய்வகத்தில் இதைப் படித்தபோது, பட்டறையில் வச்சிரச் சட்டி கொதிக்கும் நாற்றம் மூக்கில் வந்து நின்றது. இந்த இளகும் குணத்தைக் குறை என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும், ஒட்டியதை உடைக்காமல் பிரித்து மறுபடி ஒட்ட முடிகிறதென்றால் அந்தக் குணத்தால்தான்.

அந்நாளைய வினீரைக் கையால் ரம்பம் இழுத்தே அறுத்தார்கள். ஆகவே அது தடித்து இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரை. 19ஆம் நூற்றாண்டில் வட்ட ரம்பமும், பிறகு கத்தியால் சீவும் இயந்திரமும் வந்தபின் அது காகிதம்போல் மெலிந்துவிட்டது. இழுப்பறையின் முகப்பை மேல் விளிம்பில் வைத்துப் பார்த்தால் தோல் எவ்வளவு தடிமன் என்பது தெரியும். பின்பலகையையும் இழுப்பறையின் அடிப்பலகையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கை ரம்பம் நேர்கோடுகளை விட்டுப் போகும். வட்ட ரம்பம் வில்போல் வளைந்த கோடுகளை விடும். வளைந்த கோடு இருந்தால் அந்தப் பலகை சிப்பெண்டேல் காலத்தது அன்று. முன்பக்கம் எவரும் ஏமாற்றலாம். அடிப்பக்கத்தை இழைத்து மெருகேற்ற எந்த மோசடிக்காரனுக்கும் பொறுமை இருப்பதில்லை என்று என் தந்தை சொல்வதுண்டு. அவர் பழைய பீரோவைப் பார்க்கப் போனால் முதலில் குனிவது அதன் பின்புறம்தான்.

மரமும் வினீரும் பழைமையை மட்டுமே காட்டும். செய்தவர் யார் என்பதைக் காட்டா. பாரிஸ் நகரில் அக்காலத்தில் தச்சர் சங்கத்தின் விதிப்படி தேர்ந்த தச்சர்கள் தங்கள் பெயரை முத்திரையாகக் குத்த வேண்டியிருந்தது. லண்டனில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆகவே சிப்பெண்டேலின் பொருள்களை இன்று அடையாளம் காட்டுபவை காகிதங்களே. அவர் அனுப்பிய ரசீதுகள், பாக்கி கேட்டு எழுதிய கடிதங்கள், வாங்கிய குடும்பங்களின் கணக்குப் புத்தகங்கள். எந்த வீட்டில் பொருளும் அதன் ரசீதும் சேர்ந்தே பரம்பரையாக வந்தனவோ, அந்த வீட்டில்தான் ஐயமின்றிச் சொல்ல முடிகிறது.

யார்க்ஷயரில் நாஸ்டெல் பிரையரி என்னும் மாளிகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உரிமையாளர் சர் ரோலண்ட் வின் 1766 முதல் சிப்பெண்டேலிடம் பொருள்கள் செய்வித்தார். 1767இல் நூலக அறைக்கு மகோகனியில் செய்த பெரிய எழுதுமேசைக்கு 72 பவுண்டு 10 ஷில்லிங் என்று கணக்கில் இருக்கிறது. அதே கணக்கில் சமையலறைக்கு இறைச்சி வெட்டும் கட்டை ஒன்றுக்கு 10 ஷில்லிங். பெரிய கலைஞர் என்று நாம் கொண்டாடும் மனிதர் வெட்டுக்கட்டையும் செய்து கொடுத்து விலை எழுதியிருக்கிறார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போன இடம் இது.

அதே மாளிகையில் மிக அழகிய பொம்மை வீடு ஒன்று உண்டு. அதையும் சிப்பெண்டேலே சிறு வயதில் செய்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அது 1730களைச் சேர்ந்தது. அப்போது அவர் பதின்வயதுப் பையன். ஆதாரமாக ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. வெட்டுக்கட்டைக்கு இருக்கும் உரிமை பொம்மை வீட்டுக்கு இல்லை!

சர் ரோலண்ட் வின் ஒழுங்காகப் பணம் தந்தவர் அல்லர். வேலை தாமதம் என்று அவர் சீறி எழுதுவார்; கையில் காசில்லாமல் தவிக்கிறேன் என்று சிப்பெண்டேல் கெஞ்சி எழுதுவார். 1766இல் கூட்டாளி ரானி இறந்துவிட்டதால் அவர் போட்ட முதலும் போயிற்று. கையிருப்புச் சாமான்களை ஏலம் விட நேர்ந்தது. 1769இல் பிரான்சிலிருந்து வேலை முடியாத அறுபது நாற்காலிகளைக் குறைந்த விலை காட்டி இறக்குமதி செய்யப்போய்ச் சுங்க அதிகாரிகளிடம் அவற்றைப் பறிகொடுத்தார். இது நேர்மையான செயல் அன்று. மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிரபுக்களின் பாக்கி நேரத்துக்கு வந்திருந்தால் அவர் அந்த வழிக்குப் போயிருப்பாரா என்ற எண்ணமும் எழுகிறது. பெரிய வீடொன்றில் தேக்குக் கதவுகள் செய்து கொடுத்துவிட்டு, கடைசித் தவணைக்காகப் பண்டிகைக்குப் பண்டிகை அந்த வாசலில் போய் நின்ற ஒருவரின் மகன் நான். அந்தக் கடிதங்களின் செய்தியைப் படித்தபோது நாடும் நூற்றாண்டும் எனக்கு மறந்துபோயின.

அவர் செய்த வேலைகளிலேயே மிகப் பெரியது ஹேர்வுட் மாளிகைக்குச் செய்தது. 1767இல் எட்வின் லாசெல்ஸ் அந்த வேலையைக் கொடுத்தார். லாசெல்ஸ் குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அங்கே உழைத்த அடிமைகளின் வியர்வையிலிருந்து வந்தது. மகோகனி மரமும் அந்தக் கடல்வழியேதான் வந்தது. இதைச் சொல்லாமல் அந்த மாளிகையின் அழகை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

1773 நவம்பரில் அங்கே சென்று சேர்ந்த ஒரு பொருள்தான் அவர் திறமையின் சிகரம். ஆங்கிலத்தில் அதைக் கமோட் என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல் வேறு அறைக்குப் போய்விட்டதால் அலங்கார நிலைப்பெட்டி என்றே எழுதுகிறேன். டயானா, மினர்வா என்னும் ரோமானிய தெய்வங்கள் இருவர் வட்டச் சட்டங்களுக்குள் இரு கதவுகளிலும் அமர்ந்திருக்கிறார்கள். உடல் முழுதும் பொன்னிறமான சாட்டின்வுட் வினீர். தேவியரின் உருவத்தில் தந்தம் பதித்து, அதில் நுண்ணிய கோடுகள் கீறியிருக்கிறார்கள். நடுவே உட்குழிந்த கதவு. குழிந்த பரப்பில் வினீர் ஒட்டுவது எவ்வளவு கடினம் என்பதைத் தொழில் தெரிந்தவர்களே அறிவர். விலை 86 பவுண்டு. சாதாரணக் கூலியாள் ஒருவனின் சில ஆண்டுச் சம்பளம் அது. (அக்காலத்துச் சாட்டின்வுட் பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவு மரம். நாம் பொரசு என்றும் இலங்கையர் முதிரை என்றும் சொல்லும் மரமும் பின்னாளில் அதே பெயரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.)

இன்று பார்த்தால் அது அமைதியான தேன் நிறத்தில் இருக்கிறது. செய்த நாளில் அப்படி இல்லை. சாயம் ஏற்றிய மரத்துண்டுகள் பச்சையும் பிற நிறங்களுமாகப் பளிச்சென்று இருந்தன. வெளிச்சம் அந்தச் சாயங்களைத் தின்றுவிட்டது. இத்தகைய பழம்பொருளின் உண்மை நிறம் வேண்டுமானால் வெளிச்சம் படாத உட்புறத்தில்தான் தேட வேண்டும். ஒளி பட்டால் சாயத்தின் மூலக்கூறுகள் சிதைகின்றன. சிதைந்ததை எந்த மெருகெண்ணெயும் திருப்பித் தராது. அதனால்தான் பழைய மாளிகைகளில் பட்டப்பகலிலும் திரையை இறக்கி வைத்திருக்கிறார்கள்.

வினீர்ப் பொருளைக் காப்பதில் பாதி, செய்யாமல் இருப்பதில்தான் உள்ளது. மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், விரியும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அறை வறண்டால் அடியிலுள்ள பலகை சுருங்கும். மேலே ஒட்டிய தோல் கூடவே சுருங்க முடியாமல் வெடிக்கும் அல்லது கொப்புளமாக எழும். விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் பொள்ளென்ற ஓசை வரும் இடத்தில் பசை விட்டிருக்கிறது என்று பொருள். ஈரத்துணியால் துடைத்தால் அந்த இடைவெளியில் நீர் இறங்கும். உப்புத்தாளால் தேய்ப்பதோ கொலைக்குச் சமம். ஒன்றரை மில்லிமீட்டர் தோலில் அரை மில்லிமீட்டர் போனால் நெருப்பு தீட்டிய நிழலும் கூடவே போய்விடும். கழன்ற துண்டு எவ்வளவு சிறியதானாலும் ஓர் உறையில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி, அந்த இழுப்பறைக்குள்ளேயே வைக்க வேண்டும். இன்றைய வெள்ளைப் பசையால் அவசரமாக ஒட்டிவிட்டால், அடுத்த தலைமுறையில் வரும் தச்சன் அதை உடைக்காமல் பிரிக்க முடியாது. பழைய வேலைக்கு வச்சிரம்தான் மரியாதை.

சிப்பெண்டேலின் கடைசி ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1771இல் கணக்கர் தாமஸ் ஹெய்க் கூட்டாளியானார். 1772இல் மனைவி கேத்தரின் இறந்தார். 1777இல் மறுமணம் செய்துகொண்டார். எலும்புருக்கி நோயால் நலிந்து 1779 நவம்பரில் கண்மூடினார். நவம்பர் 16ஆம் நாள் லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்து மண்ணில் அடக்கம் நடந்தது. அவர் விட்டுச் சென்ற சொத்து மிகக் குறைவு. தந்தையின் பெயரையே தாங்கிய மூத்த மகன், தந்தைக்குச் சளைக்காத கைத்திறன் கொண்டவர். அவரும் 1804இல் கடனில் மூழ்கித் திவாலானார். 1813இல் அந்தத் தெருவிலிருந்தே பட்டறை போயிற்று.

பிறகு நெடுங்காலம் கழித்தே காகிதங்கள் பேசத் தொடங்கின. 1965இல் சிப்பெண்டேல் சங்கம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு, ஹேர்வுட் நூலகத்துக்காக அவர் செய்த ரோஸ்வுட் வினீர் மேசை ஏலத்துக்கு வந்தபோது 41,000 கினிக்கு விலைபோயிற்று. அது இப்போது லீட்ஸ் நகரின் டெம்பிள் நியூசம் மாளிகையில் இருக்கிறது. அந்த நகரின் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கிறிஸ்டஃபர் கில்பர்ட் என்பவர் குடும்பம் குடும்பமாக ரசீதுகளையும் கடிதங்களையும் தேடித் தொகுத்து, 1978இல் இரு தொகுதிகளாகச் சிப்பெண்டேலின் வாழ்வையும் பணியையும் எழுதினார்.

இதைப் படித்த பிறகு நான் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுதத் தெரிந்த கை பட்டறைக்கு எதற்காகவாவது பயன்பட வேண்டாமா? தந்தை செய்யும் ஒவ்வொரு சாமானுக்கும் நாள், மரம், அளவு, யாருக்குச் செய்தது, எவ்வளவு பேசியது, எவ்வளவு வந்தது என்று எழுதி, கடைசியில் அவரிடம் கையெழுத்துக் கேட்கிறேன். சிரிக்கிறார், பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் போட்டும் கொடுக்கிறார். இதுவரை 31 பக்கம் ஆகியிருக்கிறது.

ஸ்காட்லாந்தில் டம்ஃபிரீஸ் மாளிகை என்று ஒன்று உண்டு. அதன் பிரபு 1759இல் சிப்பெண்டேலிடம் நேரே பொருள்கள் வாங்கினார். ரோஸ்வுட் புத்தக அலமாரி ஒன்றும் அவற்றுள் அடங்கும். இருநூற்றைம்பது ஆண்டுக்குச் சற்றே குறைவாக அவை அந்த வீட்டைவிட்டு அசையவில்லை. கணக்குகளும் கூடவே இருந்தன. 2007இல் மாளிகையையும் சாமான்களையும் விற்றுவிடுவதென்று முடிவாயிற்று. ஏலத்துக்கு நாள் குறித்து, பட்டியலும் அச்சிட்டாயிற்று. பொருள்கள் லாரியேறி லண்டனுக்குப் புறப்பட்டும் விட்டன. ஏலத்துக்குச் சில வாரமே இருக்கும்போது, அன்று இளவரசராக இருந்த சார்லஸ் முன்னின்று பல அமைப்புகளைச் சேர்த்து 4 கோடியே 50 லட்சம் பவுண்டு திரட்டி மாளிகையோடு எல்லாவற்றையும் வாங்கினார். லாரிகள் வழியிலேயே திரும்பின. அலமாரி தன் பழைய வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.